தோளில் கை போட்ட அந்தப் படம்: பள்ளித் தோழமை ஆல்பத்தை ஸ்கேன் செய்ய ஃபோட்டோஸ்கேன் செயலியா, கேனன் லைடு 400-ஆ?

சிறுவயது நட்பின் படங்கள் ஒரே வீட்டில் இருப்பதில்லை. குடும்பப் படம் வேண்டுமானால் ஒரு பீரோவைத் திறந்தால் போதும். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு இரண்டு தோழர்கள் ஸ்டுடியோவுக்குப் போய், வரைந்த திரைக்கு முன்னால் தோளில் கை போட்டு நின்று எடுத்துக்கொண்ட படம் அப்படியல்ல. இரண்டு பிரதி போட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். உங்கள் நண்பர் எழுதிய இன்லாண்டு கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன, நீங்கள் எழுதியவை அவர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ஆட்டோகிராப் நோட்டிலும் இதே கதைதான்: உங்கள் நோட்டில் அவர் கையெழுத்து, அவர் நோட்டில் உங்களுடையது. உங்கள் பால்யத்தில் பாதி நண்பரின் அலமாரியில் இருக்கிறது.

ஆகவே இந்த வேலைக்கு ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை நண்பர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) கணக்கெல்லாம் அப்புறம். ஆல்பத்தை இரவல் கொடுக்கப் பலருக்கு மனம் வராது, கேட்பதும் நியாயமில்லை. கையில் இருக்கும் போனிலேயே இலவசமாக ஓடும் கூகுள் ஃபோட்டோஸ்கேன், மடிக்கணினிப் பைக்குள் அடங்கும் கேனன் லைடு 400 ஸ்கேனர் என்ற இரண்டையும் இந்த ஒரே வேலைக்காக இங்கே எடைபோடுகிறோம். பொதுவான ஸ்கேனர் ஒப்பீடு இதில் கிடைக்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆல்பம் முழுவதையும் ஒரு பிற்பகலில் அள்ளிக்கொண்டு வர ஃபோட்டோஸ்கேன் போதும். வகுப்புக் குழுப்படம், இருவர் நிற்கும் ஸ்டுடியோ படம், ஆட்டோகிராப் பக்கங்கள், கடிதங்கள் ஆகிய நான்குக்கும் லைடு 400 வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்றாகாது.

ஃபோட்டோஸ்கேன் 2016 நவம்பரில் வந்தது. போன் கேமராவில் நேரடியாகப் படம் பிடித்தால் வரும் பெரிய தொல்லை பளபளப்பு: டியூப்லைட், ஜன்னல், பிடிப்பவரின் நிழல் எல்லாம் படத்தின் மேல் விழும். இந்தச் செயலி முதலில் நேராக ஒரு ஷாட் எடுக்கிறது. பிறகு திரையில் நான்கு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். வட்டத்தை ஒவ்வொரு புள்ளியின் மேலும் கொண்டுபோய் நிறுத்தினால் இன்னும் நான்கு ஷாட் தானாக எடுத்துக்கொள்ளும். ஐந்திலும் பளபளப்பு வெவ்வேறு இடத்தில் விழுந்திருக்கும் என்பதால், ஒன்றில் வெளிறிப்போன பகுதியை இன்னொன்றிலிருந்து எடுத்து நிரப்பிவிடுகிறது. ஓரங்களையும் தானே கண்டுபிடித்து வெட்டித் தருகிறது. ஒரு படத்துக்கு அரை நிமிடம்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் குறைவு, ஆனால் திரும்பத் திரும்ப அதே இடத்தில்தான் நடக்கும். புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போகும்போது போனைச் சாய்க்கக்கூடாது. மேசைக்கு இணையாக வைத்தபடி நகர்த்த வேண்டும். சாய்த்தாலோ மேலே தூக்கினாலோ ஐந்து ஷாட்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல், காதும் சட்டைக் காலரும் இரட்டையாகத் தெரியும். சுருண்ட படத்திலும் இப்படி ஆகும். சின்னத் திரையில் இது கண்ணில் படாது. ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் திருப்ப வேண்டும், ஏனென்றால் அந்த ஆல்பத்தை மறுபடி பார்க்க எப்போது வாய்க்கும் என்று தெரியாது.

வெள்ளை ஓரம் உள்ள பழைய படத்தை வெள்ளை பெட்ஷீட்டின் மேல் வைத்தால் செயலிக்கு விளிம்பு தெரியாது. கறுப்பு அல்லது அடர்நீலத் துணி விரிக்கவும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். தலைக்கு மேலே உள்ள டியூப்லைட்டை அணைத்துவிடவும். மின்விசிறியையும் நிறுத்தவேண்டும். படம் பறப்பதும் ஓரம் துடிப்பதும்தான் நம் வீடுகளில் பாதி ஸ்கேன்கள் கலங்கக் காரணம். பளபளப்பில்லாத மேட் தாளில் போட்ட கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பளபளப்பு நீக்கமே தேவையில்லை. மந்திரக்கோல் சின்னத்தைத் தட்டி அதை அணைத்துவிட்டால் ஒரே ஷாட்டில் வேலை முடியும், கூர்மையும் கூடுதலாக இருக்கும்.

இனி அளவு. ஃபோட்டோஸ்கேன் தரும் கோப்பின் நீளப் பக்கம் ஏறக்குறைய 3,000 பிக்சல். போன் கேமரா எத்தனை மெகாபிக்சலாக இருந்தாலும் இதில் பெரிய மாற்றமில்லை. மேக்ஸி என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் 4×6 அங்குலப் படத்துக்கு இது அங்குலத்துக்கு 500 புள்ளி. தாராளம். அதே 3,000 பிக்சல் 10×12 அங்குல அட்டையோடு கூடிய வகுப்புப் படத்தில் பரவும்போது அங்குலத்துக்கு 250 ஆகிவிடுகிறது. ஐம்பது பேர் நிற்கும் படத்தில் ஒரு முகம் ஒரு சென்டிமீட்டர் உயரம் இருந்தால் அதற்குக் கிடைப்பது 100 பிக்சல்கூட இல்லை. மூன்றாவது வரிசையில் நிற்பவர் சிரிக்கிறாரா கண் மூடியிருக்கிறாரா என்று சொல்ல முடியாது.

அங்கேதான் லைடு 400. அசல் ஒளியியல் திறன் 4,800 டிபிஐ என்று பெட்டியில் போட்டிருக்கும்; அந்த எண்ணைப் பார்த்து வாங்கத் தேவையில்லை, அந்த அளவில் ஒருபோதும் ஸ்கேன் செய்யப்போவதில்லை. 2,400 டிபிஐ உள்ள லைடு 300 கூட இந்த வேலைக்குப் போதுமானதே. 400-ஐப் பரிந்துரைக்கக் காரணம் வேகம்: ஒரு தாளை 300 டிபிஐ-யில் 8 விநாடியில் முடிக்கும் என்கிறது கேனன். எடை சுமார் 1.7 கிலோ. தனி மின்கம்பி வேண்டாம். யுஎஸ்பி வழியாக மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் வேலை நிற்காது. நண்பர் ஊர் கிராமம் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

எந்த அளவில் ஸ்கேன் செய்வது? கலர்ப் படங்களுக்கு 600 டிபிஐ. 4×6 படம் 2,400×3,600 பிக்சலாக வரும். தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக வைத்தால் ஒன்று சுமார் 26 எம்பி. 200 படங்களுக்கு ஐந்து ஜிபி சொச்சம், ஒரு சாதாரண பென்டிரைவில் அடங்கும். அதற்கு மேல் ஏற்றினால் கலர்த்தாளில் புதிதாக ஒன்றும் தெரியாது, தாளின் மணிமணியான அமைப்புதான் பெரிதாகும். விதிவிலக்கு இரண்டு. ஆக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராவில் 120 ஃபிலிம் சுருள் ஒன்றுக்கு 12 சதுரப் படங்கள் விழும். அந்த நெகட்டிவை அப்படியே தாளில் ஒற்றி எடுத்த இரண்டேகால் அங்குலச் சின்னப் படங்கள் அறுபது, எழுபதுகளின் ஆல்பங்களில் நிறையக் கிடைக்கும். அவற்றில் நுணுக்கம் அதிகம். 1,200 டிபிஐ கொடுங்கள், 2,700 பிக்சல் சதுரமாக வரும். மற்றது, முக்காலியில் நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து எடுத்த பழைய குழுப்படம். பெரிய நெகட்டிவ் என்பதால் அதுவும் 1,200-ஐத் தாங்கும். ஒரு சென்டிமீட்டர் முகத்துக்கு 470 பிக்சல் கிடைக்கும். அப்போது சட்டைப் பையில் குத்திய பேனா வரை தெரியும்.

கண்ணாடியில் எத்தனை படம் வைக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. தானாகப் பிரித்து வெட்ட வேண்டுமானால் படங்களுக்கு நடுவிலும் ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அப்படி விட்டால் 216×297 மில்லிமீட்டர் கண்ணாடியில் 4×6 படம் இரண்டுதான் அடங்கும், 3.5×5 படம் நான்கு. மூன்றாவது மேக்ஸியைத் திணித்தால் இரண்டு படம் ஒரே கோப்பாக ஒட்டிக்கொண்டு வரும், பிரிக்கும் நேரம்தான் வீண்.

ஸ்கேனர் மென்பொருளில் கவனிக்க வேண்டியவை சில. ஸ்கேன்கியர் என்ற கேனன் மென்பொருளின் திரையில் தூசி நீக்கம், மங்கல் திருத்தம், தானியங்கி நிறத்திருத்தம் ஆகிய எல்லாவற்றையும் முதல் ஸ்கேனில் அணைத்துவிடவும். இருக்கிறபடியே ஒரு கோப்பு கட்டாயம் வேண்டும். எழுபது, எண்பதுகளின் கலர்ப் படங்கள் சிவந்துபோயிருப்பதற்குக் காரணம், அலமாரி இருட்டில் இருந்தாலும் அந்தக் காலத் தாள்களில் சயான் (நீலப்பச்சை) சாயம் மற்றவற்றைவிட வேகமாக மங்கியதுதான். மங்கல் திருத்தத்தைப் போட்டு இரண்டாவது பிரதி எடுத்தால் பெரும்பாலும் முகத்தின் மாநிறம் திரும்பிவிடும். பள்ளி ஆண்டு மலரில் அச்சான படம் என்றால் மட்டும் டிஸ்கிரீன் என்ற தெரிவைப் போடவேண்டும். இல்லாவிட்டால் அச்சுப் புள்ளிகள் கோலம் போட்டதுபோல அலை அலையாக வரும்.

தேன்கூடு போன்ற சொரசொரப்புள்ள பழைய கலர்த்தாள் நினைவிருக்கும். ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடிப்பதால் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழுந்து முகமெல்லாம் அம்மைத் தழும்பாகத் தெரியும். ஒருமுறை ஸ்கேன் செய்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொருமுறை செய்து, இரண்டாவதை நிமிர்த்தி முதலாவதின் மேல் 50 சதவீதம் ஒளிபுகும்படி அடுக்கினால் நிழல்கள் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். பொறுமை வேண்டிய வேலை. இருவர் மட்டும் நிற்கும் அந்த ஸ்டுடியோ படத்துக்காவது செய்துவிடுங்கள்.

லைடு வரிசையின் பெரிய குறை அதன் உணரி. படத்தை ஒட்டியே நகரும் சிஐஎஸ் வகை என்பதால் கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பது மட்டுமே கூர்மையாக விழும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கினாலே கலங்கும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை இதில் எடுக்கவே முடியாது. அதைப் பிய்க்கவும் கூடாது. படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு போய்விடும், மிஞ்சுவது வெறும் தாள். எப்சன் வி600 போன்ற, லென்ஸ் வழியாகப் படம் பிடிக்கும் சிசிடி ஸ்கேனரில் ஆழம் கூடுதல், 35 மில்லிமீட்டர் நெகட்டிவும் 120 சுருளும் அதில் ஸ்கேன் ஆகும், லைடில் ஆகாது. நெகட்டிவ் உறை கைவசம் இருப்பவர்கள் தெரிந்தவரிடம் அந்த ரகத்தைத் தேடுவது நல்லது. ஆனால் வி600-ஐப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இதே குறைதான் வகுப்புக் குழுப்படத்தில் தலைவலியாகிறது. படம் பெரும்பாலும் 8×10 அங்குலம், கண்ணாடிக்குள் அடங்கிவிடும். அது ஒட்டியிருக்கும் அட்டையோ நான்கு பக்கமும் நீண்டிருக்கும். கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்தின் மேல் அட்டை ஏறி நின்று, அந்த ஓரத்து முகங்கள் மட்டும் மங்கும். பெயர்களோ அட்டையில்தான் இருக்கின்றன: 'அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்'. அட்டையை வெட்டிவிடலாமே என்ற எண்ணம் வரும். வேண்டாம். பாதிப் பாதியாக ஸ்கேன் செய்து ஒட்டலாம். மூன்றில் ஒரு பங்கு இரண்டிலும் பொதுவாக வரவேண்டும், தானியங்கித் திருத்தம் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் ஒரு பாதி வெளுத்தும் மறு பாதி கறுத்தும் வந்து நடுவில் கோடு தெரியும். ஒட்டுவதற்கு ஃபோட்டோஷாப்பின் ஃபோட்டோமெர்ஜ் அல்லது இலவசமான ஹூகின். அட்டை வளைந்திருந்தால் இதையும் விட்டுவிட்டு, உள்ளூர் ஸ்டுடியோவில் காப்பி எடுக்கச் சொல்வதே மேல்: இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, முக்காலியில் கேமரா. 24 மெகாபிக்சல் கேமராவில் 6,000×4,000 பிக்சல் வரும், 10×12 அட்டை முழுவதற்கும் அங்குலத்துக்கு 400 புள்ளி. போன் செயலியைவிட நன்றாகவே இருக்கும்.

குழுப்படத்துக்கு இன்னொரு வசதி உண்டு, இது நட்புப் படங்களுக்கே உரியது. அந்தப் படத்தை வகுப்பில் காசு கொடுத்த எல்லோரும் வாங்கினார்கள். உங்கள் பிரதியில் கரையான் தின்ற மூலை இன்னொருவர் பிரதியில் முழுசாக இருக்கும். ஒருவர் வீட்டில் வெயில் படும் சுவரில் மாட்டியது வெளிறியிருக்கும். இன்னொருவர் டிரங்குப் பெட்டியில் வைத்தது நேற்று எடுத்ததுபோல் இருக்கும். மூன்று நான்கு பிரதிகளை ஸ்கேன் செய்து, சிறந்ததை அடிப்படையாக வைத்து, கிழிந்த பகுதியை மட்டும் மற்றதிலிருந்து எடுத்து நிரப்பலாம். எந்த மென்பொருள் ஊகத்தையும்விட இது உண்மையானது.

ஊகம் என்றதும் சொல்லவேண்டியது, முகத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். இந்த வேலைக்கு அவற்றைப் பரிந்துரைக்க முடியாது. மங்கலான முகத்தில் இல்லாத கண்ணிமையையும் பல்லையும் அவை தாமே வரைகின்றன. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது உங்கள் தோழியின் முகம் இல்லை. எட்டு வயதில் அவளுக்கு முன்பல் விழுந்திருந்ததை அது அடைத்துவிடும். கறுப்பு வெள்ளைக்கு நிறம் ஏற்றும் செயலிகளும் காக்கிக் கால்சட்டையை நீலமாகவோ சாம்பலாகவோ ஊகிக்கும். கீறலை நீக்குங்கள், வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

ஆட்டோகிராப் நோட்டுக்கு வருவோம். லைடு 400-இன் பெருமை இங்கேதான் முழுசாகத் தெரிகிறது. 400 டிபிஐ, கட்டாயம் கலரில். எழுத்து மட்டும்தானே என்று கறுப்பு வெள்ளை ஆவண முறையில் எடுத்தால் ரோஸ் பக்கத்தில் எழுதிய மஞ்சள் ஸ்கெட்ச் பேனா காணாமல் போகும். ஆவணச் செயலிகள் தாளின் நிறத்தைத் தாமே வெளுக்கின்றன. அதனால் ஃபோட்டோஸ்கேன் தவிர்த்த மற்ற போன் ஸ்கேன் செயலிகளும் இதற்கு ஆகாது. பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் ஸ்கேன் செய்யும் பக்கத்தின் பின்னால் கறுப்புச் சார்ட் அட்டை செருகவும். ஸ்கேனர் மூடியின் உட்புறம் வெள்ளை, அது ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் பின்பக்கம் தெரிகிறது. ஜிகினா பேனாவில் எழுதியது மட்டும் ஸ்கேனரில் மினுக்காது, சாம்பல் பூத்து வரும்; அந்தப் பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் போனில் தனியாக ஒரு படம் எடுத்துச் சேர்க்கவும். வெற்றுப் பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதிய பட்டப்பெயர், அழித்த வரியின் தடம் எல்லாம் பிற்பாடுதான் கண்ணில் படும். நோட்டுக்குள் குட்டி போடும் என்று வைத்த மயிலிறகு இருந்தால் அதையும் கண்ணாடியில் தட்டையாக வைத்து எடுங்கள். நீலமும் பச்சையும் கொஞ்சம் மங்கும், இழைகள் அத்தனையும் விழும்.

இன்லாண்டு கடிதத்தில் தோழர்கள் எழுதிய அழகே, இடம் தீர்ந்து மடிப்பு ஓரத்திலும் ஒட்டும் நாக்கிலும் தலைகீழாக எழுதியதுதான். ஆகவே உள்பக்கம், வெளிப்பக்கம், நாக்குகள் மூன்றையும் விரித்து எடுக்கவேண்டும். மடிப்பில் தாள் இற்றிருந்தால் விரலால் நீவ வேண்டாம். மேலே கனமான புத்தகத்தை ஒரு நாள் வைத்தால் தானே படியும். தேதிக்கு அஞ்சல் முத்திரையைத்தான் நம்பவேண்டும், பலர் கடிதத்தில் கிழமை மட்டும் எழுதினார்கள். முத்திரை அழிந்திருந்தால் முகவரியைப் பாருங்கள். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஆறு கட்டம் அச்சிட்ட இன்லாண்டு அதற்குப் பிந்தையது. படங்களின் மூலையில் ஆரஞ்சு எண்ணில் விழுந்த தேதியை இப்படி நம்பக்கூடாது. பாட்டரி மாற்றியபின் தேதியைத் திருத்தாத கேமராக்கள் ஏராளம். ஜனவரி 1 என்று ஒரு சுருள் முழுக்க இருந்தால் அது தவறான தேதி.

ஆல்பத்திலிருந்து படத்தை எடுக்கலாமா என்பது எப்போதும் எழும் கேள்வி. கறுப்புப் பக்கத்தில் மூலைகளில் செருகியிருந்தால் எடுக்கலாம். மைதாப் பசையில் ஒட்டியதை எடுக்கக்கூடாது, பக்கத்தோடு ஸ்கேனரில் கவிழ்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் மூடிய பசைப்பக்க ஆல்பத்தில் பசை காய்ந்து படம் இறுகியிருக்கும். முதலில் இருக்கும் இடத்திலேயே ஃபோட்டோஸ்கேனில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்துக்கு அடியில் விட்டு ரம்பம்போல் மெல்ல இழுத்தால் பெரும்பாலும் விடும். விடாவிட்டால் விட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சையோடு ஜெலட்டினும் வழிந்துவிடும். உலர வைத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்கத் திரவத்தைத் துணியில் தெளிக்கவேண்டும், கண்ணாடியில் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யவேண்டும். 'நம் நட்பின் நினைவாக' என்ற ஒரு வரியும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். முன்பக்கத்துக்கு 1984-குழு-03-அ, பின்பக்கத்துக்கு 1984-குழு-03-ஆ என்று பெயரிட்டால் பிரியாது.

பெயர்களைப் பதிவதில் ஃபோட்டோஸ்கேனுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் பாதி மதிப்பெண்தான். ஃபோட்டோஸ்கேன் கோப்பில் ஸ்கேன் செய்த நாளே தேதியாக விழும். கூகுள் போட்டோஸில் 1984 என்று மாற்றலாம், விளக்கமும் எழுதலாம். ஆனால் அந்த விளக்கம் கூகுளிடம் இருக்கும், கோப்பை மொத்தமாகக் கீழிறக்கினால் தனியான ஜேசன் என்ற எழுத்துக் கோப்பாக வரும். டிஜிகாம் போன்ற இலவச மென்பொருளில் எழுதினால் பெயர்கள் படத்துக்குள்ளேயே தங்கும், எங்கே போனாலும் கூடவே போகும். எழுதும்போது முன்னெழுத்தை விடாதீர்கள். ஒரு வகுப்பில் மூன்று முருகன் இருப்பார்கள், செ. முருகனா, பெ. முருகனா என்பது இன்னும் இருபது ஆண்டு கழித்துச் சொல்ல ஆள் இருக்காது. தோழிகளுக்குப் பள்ளிப் பதிவேட்டுப் பெயர், இப்போதைய பெயர் இரண்டும் வேண்டும். பட்டப்பெயரும் கட்டாயம்: பலரை அதைச் சொன்னால்தான் மற்றவர்களுக்கு அடையாளம் தெரியும்.

பகிர்வதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கூகுளின் இலவச 15 ஜிபி ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான், 2021 ஜூன் முதல் சுருக்கிய படங்களும் அதில் கணக்காகின்றன. சேமிப்பைச் சிக்கனப்படுத்தும் தெரிவில் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை சுருங்கும், 1,200 டிபிஐ குழுப்படம் அதில் மாட்டும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் இவ்வளவு பாடும் வீண். டாக்குமென்ட் என்று இணைத்தால் 2 ஜிபி வரை ஒரு பிக்சல் குறையாமல் போகும்.

புத்தகமாக அச்சிட நினைப்பவர்களுக்கு எட்டு அங்குலச் சதுரம் கைக்கு அடக்கமானது. கல்யாணத்துக்குப் போடும் 12×36 கரிஷ்மா ஆல்பத்தை மடியில் வைத்துப் பேசிக்கொண்டே புரட்ட முடியாது. 300 டிபிஐ அச்சில் எட்டு அங்குலம் என்பது 2,400 பிக்சல். 600-இல் ஸ்கேன் செய்த மேக்ஸியின் குறுகிய பக்கம் சரியாக அவ்வளவுதான், ஆகவே முழுப்பக்கத்துக்கும் தாங்கும். குழுப்படத்தை இரண்டு பக்கத்தில் விரிக்க வேண்டுமானால் தட்டையாக விரியும் லே-ஃப்ளாட் கட்டுதான் எடுக்கவேண்டும், சாதாரணக் கட்டில் நடுவில் நிற்பவர் மடிப்புக்குள் போய்விடுவார்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுவது தமிழ் எழுத்துதான். இணையப் போட்டோபுக் தளங்களின் எழுத்துப் பெட்டியில் 'கொ', 'கோ' எல்லாம் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் சிதறுவது சகஜம். ஸ்டுடியோவில் கொடுத்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்வார்கள். அப்போது நண்பரின் பெயரிலேயே பிழை விழும். ஒருங்குறியில் அனுப்பியதைப் பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் அப்படியே ஒட்டினாலும் உடையும், பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி என்ற தெரிவை மாற்றினால்தான் சேரும். இதையெல்லாம் கடைக்காரரிடம் விளக்குவதைவிட, குறிப்புகளைச் சொற்செயலியில் நீங்களே தட்டச்சு செய்து, எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆகவோ 600 டிபிஐ பிஎன்ஜி படமாகவோ கொடுத்துவிடுவது பாதுகாப்பு. அச்சுக்குப் போகுமுன் மாதிரிப் பக்கத்தை ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வெட்டு ஓரத்திலிருந்து கால் அங்குலத்துக்குள் எந்த எழுத்தும் வரக்கூடாது.

போன் பழக்கமில்லாத தோழருக்குக் கோப்பு அனுப்பிப் பயனில்லை. அவருக்கு மேட் தாளில் 4×6 பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். லேபில் கொடுக்கும்போது தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று சொல்லிவிடவும், இல்லாவிட்டால் நீங்கள் மீட்ட நிறத்தை இயந்திரம் மறுபடி மாற்றும். பின்பக்கத்தில் பெயர் எழுத பால்பாயின்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் மேடு தட்டும். இப்போதைய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சிலும் பிடிக்காது. அழியாத மை உள்ள மெல்லிய மார்க்கரில் எழுதி, பத்து நிமிடம் காயவிட்டு, அதன்பின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும். ஈரத்தோடு அடுக்கினால் ஒருவரின் பெயர் இன்னொருவரின் முகத்தில் பதிந்துவிடும்.